கிருமிக்குப் படம் எடுத்த மேதை ராபர்ட் கோக்

உலகில் தோன்றிய மேதைகள் பலர். அவர்களுள் வானத்தை அளந்தோர் சிலர். கடலைக் கடந்தோர் சிலர். ஒரு சொட்டு இரத்தத்துக்குள் எட்டிப் பார்த்து, அங்கே கண்டதை ஊரறியப் படம் பிடித்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக். அவர் பெயர் நமக்குப் புதிதன்று. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர், நோபல் பரிசு பெற்றவர் என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். இந்த ஆண்டு ஒரு காமிரா என்னைப் பிடித்து நிறுத்தி அவரிடம் திருப்பி அனுப்பியது.

எங்கள் துறை நுண்ணோக்கிக்கு ஒரு காமிரா வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. மங்கலான ஒளியிலும் படம் எடுக்க வல்லதாக அது இருக்க வேண்டும். பேராசிரியர் எங்களில் நால்வரை அழைத்து, எத்தகைய காமிரா வேண்டும் என்பதைக் காரணத்தோடு எழுதி வரும்படி பணித்தார். நான் அன்றிரவே எழுதி முடித்தேன். எதில் மெகாபிக்சல் அதிகமோ அதுவே சிறந்தது என்பது என் முடிவு. கைப்பேசி வாங்கும்போது நாம் அப்படித்தானே பார்க்கிறோம்! பேராசிரியர் தாளைப் படித்துப் பார்த்தார்; சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. ராபர்ட் கோக் வாழ்க்கையைப் படித்துவிட்டு மீண்டும் எழுதி வா என்று தாளைத் திருப்பித் தந்தார். நூறாண்டுகளுக்கு முன் மறைந்த மருத்துவருக்கும் நாம் வாங்கப் போகும் காமிராவுக்கும் என்ன உறவு? அந்த ஐயத்தோடுதான் நூலகத்துக்குப் போனேன்.

இளமைப் பருவம்

ராபர்ட் கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் கிளவுஸ்தால் என்னும் ஊரில் பிறந்தார். ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள சுரங்க ஊர் அது. தந்தையார் சுரங்கத் துறையில் பணியாற்றியவர். வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள், கோக் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே செய்தித்தாளை வைத்துக்கொண்டு தாமாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு பெற்றோரை வியப்பில் ஆழ்த்தினாராம். இதைப் படித்தபோது எனக்கு என் வீட்டு நினைவு வந்தது. எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்கியதில்லை. கடையில் பொட்டலம் மடித்து வந்த தாளைப் பிரித்து நான் வாசிப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாய் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சிறுவன் கோக்குக்கு இயற்கையின்மீது நாட்டம் அதிகம். பூச்சிகள், செடிகள், கற்கள் என்று கண்டதையெல்லாம் சேகரிப்பார். அவருடைய தாய்மாமன் ஒருவர் அந்நாளில் புதுக்கலையாக இருந்த ஒளிப்படக் கலையில் தேர்ந்தவர். மருமகனுக்கு அக்கலையில் ஆர்வம் பிறந்ததற்கு அவரே காரணம். அந்த விதை முளைக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் யாக்கோப் ஹென்லே. தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால்தாம் உண்டாகின்றன என்று 1840ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஹென்லே. ஆனால் அவரிடம் இருந்தது கருத்து மட்டுமே. காட்டுவதற்குச் சான்று இல்லை. ஆசிரியர் சொன்னதை மாணவர் காட்டினார் என்பதே கோக்கின் வாழ்க்கைச் சுருக்கம் எனலாம்.

நான்கு அறை வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டபோது தாமாகவே முன்வந்து மருத்துவப் பணி புரிந்தார் கோக். பின்னர் 1872ஆம் ஆண்டு வோல்ஸ்டைன் என்னும் சிற்றூருக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்கே பல்கலைக்கழகம் இல்லை; நூலகம் இல்லை; கலந்து பேச ஓர் அறிஞரும் இல்லை. நான்கு அறைகள் கொண்ட வீடே அவருக்கு இல்லமும் ஆய்வுக்கூடமும் ஆயிற்று. மனைவி எம்மி பரிசாக அளித்த நுண்ணோக்கி ஒன்று இருந்தது. மற்ற கருவிகளையெல்லாம் அவரே தேடிச் சேர்த்துக்கொண்டார். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, கிடைத்த நேரத்தில் ஆய்வு செய்தார்.

அப்பகுதியில் ஆடுமாடுகள் ஆந்திராக்ஸ் என்னும் அடைப்பான் நோயால் மடிந்துகொண்டிருந்தன. நோயுற்ற விலங்கின் இரத்தத்தில் குச்சி போன்ற உருவங்கள் தென்படுவதைப் பிறர் முன்பே கண்டிருந்தனர். அக்குச்சிகள்தாம் நோய்க்குக் காரணமா, அல்லது நோயினால் விளைந்தவையா? இதுதான் கேள்வி. கோக் சிறு மரச்சிராயில் அந்த இரத்தத்தைத் தொட்டு எலிக்கு ஏற்றினார், எலி மாண்டது. மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீரில் கிருமியை வளர்த்தார். குச்சி நீண்டு இழையாவதையும், இழைக்குள் விதை போன்ற வித்துகள் உருவாவதையும், அவ்வித்துகள் மீண்டும் குச்சியாவதையும் தம் கண்ணால் கண்டார். மேய்ச்சல் நிலத்தில் நோய் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருப்பது எப்படி என்ற புதிர் அதனால் அவிழ்ந்தது. 1876ஆம் ஆண்டு பிரெஸ்லாவ் நகருக்குச் சென்று, தாவரவியல் அறிஞர் பெர்டினாண்டு கோன் முன்னிலையில் எல்லாவற்றையும் செய்து காட்டினார். கோன் தம் இதழிலேயே அவ்வாய்வை வெளியிட்டார்.

படம் எடுக்க முற்பட்டது ஏன்?

நண்பர்களே, இங்கேதான் நம் காமிரா வருகிறது. அக்காலத்தில் நுண்ணோக்கியில் கண்டதைக் கையால் வரைந்து காட்டுவதே வழக்கம். வரைபவர் எவ்வளவு நேர்மையானவராயினும், தாம் நினைத்ததைச் சேர்த்தே வரைந்துவிடுவார். ஒருவர் வரைந்த கிருமியும் மற்றொருவர் வரைந்த கிருமியும் ஒன்றா வேறா என்று யார் தீர்ப்பது? இந்தப் பூசல் தீர வேண்டுமானால் கிருமி தானே தன் உருவத்தைப் பதிய வேண்டும் என்று கோக் கருதினார். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று.

முதல் இடர் அசைவு. உயிருள்ள கிருமி ஓரிடத்தில் நில்லாது. அந்நாளைய ஒளிப்படத் தகடோ பதிவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கிருமியுள்ள நீர்மத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாகப் பூசி உலர்த்தினார். கிருமிகள் ஒரே தளத்தில் அசையாமல் படிந்தன. நாம் முதலாண்டுச் செய்முறை வகுப்பில் செய்யும் பூச்சு இருக்கிறதே, அது அவர் வகுத்த முறையின் வழியில் வந்ததுதான்.

இரண்டாவது இடர் ஒளிக்குறைவு. உருவத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவும். பத்து மடங்கு பெரிதாக்கினால் நூறு மடங்கு பரப்பில் பரவும். ஒரு கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது தகட்டின்மீது விழும் ஒளி எவ்வளவு மங்கியிருக்கும்! வீட்டு விளக்கு போதாது. கோக் கதிரவனையே விளக்காகக் கொண்டார். மேகம் மறைத்தால் வேலை நின்றது. அக்காலத்தில் பரவலாக வழங்கியதோ ஈரத் தகடு. கண்ணாடியில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும்.

மூன்றாவது இடர்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. கிருமிகள் நிறமற்றவை, சாயம் ஏற்றினால்தான் தெளிவாகத் தெரியும். நீலச் சாயம் ஏற்றிய கிருமி கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் அந்நாளைய தகடு நீலமும் ஊதாவுமான ஒளியையே உணரும். சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. நீலக் கிருமி நீல ஒளியைத் தன் வழியே விட்டுவிடும். தகட்டைப் பொறுத்தவரை கிருமியும் அதன் பின்புலமும் ஒன்றே. கண் காண்பது தகட்டுக்குத் தெரியாது! கோக் என்ன செய்தார்? சாயத்தையே மாற்றினார். பழுப்புச் சாயம் நீல ஒளியைத் தடுத்து நிறுத்தும். பழுப்பேறிய கிருமி படத்தில் கருமையாக, எடுப்பாக விழுந்தது. தம்மிடம் இருந்த தகடு எதைப் பார்க்கும் என்று அறிந்து, அதற்கேற்பப் பொருளை அணியம் செய்த அறிவுக் கூர்மையை என்னென்பது!

1877ஆம் ஆண்டு கோனின் இதழில் அவருடைய கிருமிப் படங்கள் வெளிவந்தன. அச்சில் வெளியான முதல் பாக்டீரியா ஒளிப்படங்கள் அவையே. அடுத்த ஆண்டுகளில் ஜெனா நகரத்து எர்ன்ஸ்ட் ஆபே உருவாக்கிய ஒளிகுவிப்பானும் எண்ணெயில் தோயும் வில்லையும் அவர் கைக்கு வந்தன. சிதறிப்போகும் ஒளியைச் சேர்த்துத் தரும் கருவிகள் அவை.

காசநோயும் என் வீடும்

1880ஆம் ஆண்டு பெர்லினில் அரசு நலவாழ்வு அலுவலகம் அவரை அழைத்துக்கொண்டது. கிருமிகளைத் தனித்தனியே பிரித்துத் திண்ம ஊடகத்தில் வளர்க்கும் முறையை அவர் அங்கு வகுத்தார். 1881ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் அதைச் செய்து காட்டியபோது பிரெஞ்சு மேதை லூயி பாஸ்டரே பாராட்டினார்.

1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் மாலை, பெர்லின் உடலியங்கியல் கழகத்தில் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். ஏழு பேரில் ஒருவரைக் கொன்றுகொண்டிருந்த நோய் என்று அவரே அன்று கணக்குக் காட்டிய நோய் அது. பரம்பரையாக வருவது, உடல்வாகால் வருவது என்றெல்லாம் பலர் நம்பிய காலம். அவர் பேசி முடித்தபோது அவையில் ஒருவரும் மறுத்துக் கேள்வி எழுப்பவில்லையாம். கொண்டுவந்திருந்த கண்ணாடிச் சில்லுகளை நுண்ணோக்கியில் வந்து பார்க்கும்படி வைத்திருந்தார். பார்த்தபின் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மார்ச்சு 24 இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அந்த நாளை நான் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, விசைத்தறியில் வேலை செய்யும் என் தந்தைக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசியால் வந்த இருமல் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மூன்று மாதம் கடையில் மாத்திரை வாங்கித் தின்றதுதான் மிச்சம். ஆள் பாதியாகிவிட்டார். கடைசியில் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தார்கள். ஆய்வுக்கூட அண்ணன் ஒருவர், நான் அறிவியல் மாணவன் என்றறிந்து நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். நீலப் பின்புலத்தில் சிவப்பாக, மெலிதாக, எண்ணி நான்கைந்து குச்சிகள். என் தந்தையை உருக்கிக்கொண்டிருந்தவை அவைதாம் என்று நம்பவே முடியவில்லை. ஆறு மாதம் இலவச மருந்து உண்டார், குணமானார், இன்று மீண்டும் தறிக்குப் போகிறார். நான் நுண்ணுயிரியல் பாடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த நான்கைந்து குச்சிகளே. கோக் அவற்றைத் தேடியிராவிட்டால் நாங்கள் இன்னமும் பஞ்சுத் தூசியையே குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

புகழும் ஒரு சறுக்கலும்

1883ஆம் ஆண்டு காலராவை ஆராய எகிப்துக்கும், அங்கிருந்து நம் நாட்டுக் கல்கத்தாவுக்கும் வந்தார் கோக். 1884ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே காற்புள்ளி வடிவக் கிருமியைத் தனித்து வளர்த்தார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதைக் கண்டார். இத்தாலியரான பாச்சினி 1854ஆம் ஆண்டிலேயே இக்கிருமியைப் பார்த்திருந்தார் என்பதையும் இங்கே சொல்வதுதான் நியாயம்.

மேதைக்கும் சறுக்கல் உண்டு. 1890ஆம் ஆண்டு காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகக் கோக் அறிவித்தார். டியூபர்குலின் என்பது அதன் பெயர். அது எதனால் ஆனது என்பதை முதலில் வெளியிடவில்லை. உலகெங்குமிருந்து நோயாளிகள் பெர்லினுக்கு ஓடிவந்தனர். மருந்து பலிக்கவில்லை, சிலர் உயிரும் இழந்தனர். எதையும் காட்டிய பின்பே நம்பச் சொன்னவர், ஒருமுறை காட்டாமலே நம்பச் சொன்னார். அதற்கு மக்கள் விலை கொடுத்தனர். பிற்காலத்தில் அப்பொருள் மருந்தாக அன்றி, நோய்த்தொற்றைக் கண்டறியும் தோல் சோதனைக்குப் பயன்பட்டது. 1905ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1910ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பாடன்பாடன் நகரில் அவர் மறைந்தார்.

மீண்டும் எழுதிய தாள்

இத்தனையும் படித்தபின் என் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. எங்களிடம் ஒளிரும் சாயம் ஏற்றிய சில்லுகள் உண்டு. அவற்றைக் கைப்பேசியால் படம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கருப்புத் திரையில் மணல் தூவியதுபோல் புள்ளிகள்தாம் கிடைத்தன. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. கோக்கின் மூன்று இடர்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன, பெயர்தான் மாறியிருக்கிறது.

முதற் கேள்வி: காமிராவின் உணரி எந்த நிற ஒளியை எவ்வளவு உணரும்? வந்து விழும் நூறு ஒளித்துகள்களில் எத்தனையை அது பதிவு செய்கிறது என்பதே குவாண்டம் திறன். இன்றைய தேர்ந்த அறிவியல் காமிராக்கள் உகந்த நிறத்தில் தொண்ணூறுக்கு மேல் பதிவு செய்கின்றன. ஆனால் எல்லா நிறத்திலும் அப்படியன்று. நம் சாயம் உமிழும் நிறத்தில் அது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இது கோக்கின் பழுப்புச் சாயப் பாடம்.

இரண்டாவது: ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு ஒளி கிடைக்கும்? கைப்பேசி உணரியின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலம். அறிவியல் காமிராவில் ஆறரை மைக்ரான் வழக்கம். பரப்பில் நாற்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. மெகாபிக்சலைக் கூட்டக் கூட்ட, ஒரே சோற்றை அதிகம் பேருக்குப் பங்கிடுவது போல ஒவ்வொரு புள்ளியும் பட்டினி கிடக்கும். நூறு ஒளித்துகள் வந்தால் இயல்பான ஏற்றத்தாழ்வு பத்து. அது பத்தில் ஒரு பங்கு. நான்கே வந்தால் ஏற்றத்தாழ்வு இரண்டு, அது சரிபாதி! நான் கண்ட மணல் புள்ளிகளுக்கு ஒரு காரணம் இதுவே. காமிரா தானே உண்டாக்கும் இரைச்சலும் இதனோடு சேரும். அது ஒரு புள்ளிக்கு ஓரிரு எலெக்ட்ரான் அளவில் இருந்தால்தான் மங்கிய ஒளி பிழைக்கும். நெடுநேரம் திறந்து வைத்தால் வெப்பத்தாலும் இரைச்சல் கூடும் என்பதால் நல்ல காமிராக்களில் உணரியைக் குளிர்விக்கிறார்கள்.

மூன்றாவது: எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? உயிருள்ளது நகரும், ஒளிரும் சாயமோ ஒளி படப்பட வெளுத்துப்போகும். கோக்குக்கு மேகம் கெடு வைத்தது. நமக்குச் சாயம் கெடு வைக்கிறது.

ஆகவே புதிய தாளில் நான் எழுதிய முதல் வரி காமிராவைப் பற்றியதன்று. நுண்ணோக்கியின் ஒளிகுவிப்பானைச் சரியாக அமைக்க வேண்டும், வில்லைகளைத் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும், அறையை இருட்டாக்க வேண்டும் என்று எழுதினேன். இவற்றுக்குச் செலவில்லை. சாதாரணச் சாயம் ஏற்றிய சில்லுகளுக்கு விளக்கொளி தாராளமாக இருப்பதால் எளிய காமிராவே போதும் என்பது அடுத்த வரி. ஒளிரும் சாயத்துக்கு மட்டும் பெரிய புள்ளிகளும் குறைந்த இரைச்சலும் உடைய ஒற்றைநிறக் காமிரா வேண்டும். அது பல லட்ச ரூபாய் பிடிக்கும். ஆண்டுக்கு எத்தனை நாள் பயன்படும் என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதினேன். கடைசி வரி, எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எவ்வளவு நேரம் திறந்தது, கணினியில் எவ்வளவு வெளிச்சம் கூட்டியது என்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்பது. எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியாத படம், என்ன மருந்து என்று சொல்லாத டியூபர்குலின் போன்றதே.

பேராசிரியர் தாளைப் படித்தார். மறுநாள் காலை ஒளிகுவிப்பானைச் சரிசெய்ய என்னையே அழைத்தார். பழைய நுண்ணோக்கிதான், பழைய விளக்குதான். எத்தனையோ ஆண்டுகளாகத் தாழ இறங்கிக் கிடந்த ஒளிகுவிப்பானை மெல்ல உயர்த்தினோம். மங்கலாய்த் தெரிந்த கிருமிகள் துலங்கி நின்றன. காமிரா இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

அன்பு மாணவ நண்பர்களே! நமக்குக் கருவி இல்லை, வசதி இல்லை, வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லை என்று நாம் சோர்வதுண்டு. நானும் சோர்ந்ததுண்டு. வோல்ஸ்டைன் சிற்றூரில் அம்மருத்துவருக்கு இருந்ததோ ஒரு நுண்ணோக்கியும் கதிரவனும்தான். இருப்பது எதைக் காணும், எதைக் காணாது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவை நாமும் பெறுவோமாக!

(கட்டுரையாளர்: இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, நுண்ணுயிரியல்)